நீங்கள் கைநீட்டி வாங்காத கருகமணி

வாப்பா,

இன்று காலை உம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். கற்பூர வாசனை. அடியில் வெள்ளைத் துணியில் முடிந்த கருகமணி, உங்கள் நிக்காஹ் அன்று அவள் கழுத்தில் ஏறியது. பார்த்த உடனே உங்கள் மேல் கோபம் வந்தது. நீங்கள் மவுத்தாகி, அடக்கம் முடிந்து இத்தனை நாள் ஆகியும் அது ஆறவில்லை.

திறக்கச் சொன்னவர்கள் பட்டணத்திலிருந்து வந்த படக்காரர்கள். போரில் பிரிந்த குடும்பங்களைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்கிறார்களாம். பினாங்கில் சிக்கிக்கொண்ட நீங்கள் நம் ஊர் புதுமடத்துக்குத் திரும்பிய நாளை உம்மா நடித்துக் காட்ட வேண்டுமாம். நல்ல கூத்து!

அந்த நாளை நான் அல்லவா பார்த்தேன். சண்டை வந்ததும் உங்கள் கடிதம் நின்றது. நீங்கள் ஏறிய கப்பல் மூழ்கிவிட்டதென்று யாரோ சொல்ல, உங்கள் காக்கா, என் பெரியவாப்பா, அதை நம்பினார். உம்மா நம்பவில்லை. "அவுக வருவாக மச்சான், நான் கழட்ட மாட்டேன்" என்று நோன்பு மாதம் முழுக்க அவரிடம் மல்லுக்கட்டினாள். பள்ளிவாசலில் உங்களுக்கு, இறந்தவர்களுக்குத் தொழும் ஜனாஸா தொழுகையே நடத்திவிட்டார் அவர். அதன் பிறகுதான் கருகமணியைக் கழற்றி, விதவையாக நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்தாள்.

சுதந்திரம் வந்த வருடம் நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். உம்மா ஓடிவந்தாள். நீங்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தீர்கள்.

"நான் உசுரோட இருக்கையிலேயே கழட்டிப் போட்டுட்டியா?"

அவள் உள்ளே போய் இந்த முடிச்சை எடுத்துவந்து நீட்டினாள். "நீங்களே கட்டிவிடுங்க." நீங்கள் வாங்கவில்லை. தொழுகை நடத்திய காக்காவைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள்; அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அதன் பிறகு சாகும்வரை உம்மா கையால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செம்பை நான்தான் கொண்டுவந்து தர வேண்டும். பினாங்கில் நீங்கள் பட்டினி கிடந்தது எனக்கும் தெரியும். அதற்கு அவள் என்ன செய்வாள்?

இன்று கருகமணியைப் பார்த்ததும் படக்காரருக்கு ஏக சந்தோஷம். "இதைப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நில்லுங்கம்மா. காத்திருந்த மாதிரி இருக்கும்."

உம்மா முக்காட்டைச் சரிசெய்தாள். "அன்னைக்கு என் கழுத்துல ஒண்ணுமில்ல தம்பி. ஆனா காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்படியே எடுங்க."

அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள். முடிச்சை உம்மா என்னிடம் தந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் உங்களுக்காக யாசீன் ஓதுகிறேன், வாப்பா. அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் ஓதி முடித்ததும் ஒரே கேள்விதான் வாயில் வந்து நிற்கிறது. அவள் நீட்டியபோது உங்கள் கை ஏன் நீளவில்லை?