ஒரு வாய் வெர்திக்கியோ

குப்ரமொந்தானா,
6 செப்டம்பர் 1998

அன்புள்ள தம்பி நத்ஸரேனோவுக்கு,

அண்ணி எர்சீலியா எழுதுகிறேன். ரொசாரியோவில் நீங்களும் பிள்ளைகளும் சுகம்தானே? அங்கே குளிர் விட்டிருக்கும். இங்கே ஆகஸ்ட் முழுக்க மழை இல்லை. திராட்சை நன்றாக வந்திருக்கிறது. மேட்டுத் தோட்டத்தில் குலைகள் மஞ்சள் தட்ட ஆரம்பித்துவிட்டன. என்றைக்குப் பறிப்பது என்று ஆட்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் என்ன கண்டேன்? அதெல்லாம் உங்கள் அண்ணன் கடித்துப் பார்த்துச் சொல்வது.

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் சமையலறையில் இருக்கிறது. அவருடைய கட்டிலும் இப்போது அங்கேதான். பேச்சுதான் போனதே தவிர, காது நன்றாகக் கேட்கிறது. காப்பிக் கடையில் போய்ப் பேசினால் ஊரே கேட்கும்.

மார்ச்சில் கொடிகளைக் கம்பியில் கட்டும்போது வாதம் அடித்து விழுந்தாரே, வலது பக்கத்துக்கு இன்னும் அசைவு திரும்பவில்லை. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் பழகிவிட்டது. சாப்பாடுதான் பழகவில்லை. விழுங்கும் சக்தி போய்விட்டதாம். தண்ணியாக எது கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்றார் டாக்டரம்மா. தண்ணீர், காப்பி, சூப் எல்லாவற்றிலும் ஒரு மாவைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்கிறேன்.

மேஜையில் அவர் பண்ணும் அதிகாரம் உங்களுக்குத் தெரியாதா? மீன் குழம்புக்குப் போன வருஷத்து வெர்திக்கியோ ஒயின்தான் வேண்டும். காட்டுச் சோம்பு திணித்த முயல் கறிக்கு மூன்று வருஷம் கிடந்த ஒயின். மாற்றி வைத்துவிட்டால், "என்னடீ இது, முயல் எழுந்து ஓடிடப் போகுது" என்பார்.

ஜூனில் கல்யாண நாளன்று முயல் சமைத்து, அரைத்துக் கொடுத்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு இடது கையால் பாட்டிலைக் காட்டினார். ஒயினிலும் அந்த மாவைக் கலந்தேன். பசை மாதிரி ஆகிவிட்டது. ஊட்டினேன். வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே தாடையில் வழியவிட்டார். துடைத்துவிட்டேன். அன்றைக்கு அவர் வேறு எதுவும் சாப்பிடவில்லை.

ஜூலையில் நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம், பக்கத்துத் தோட்டத்து ப்ரீமோ வந்து அரைக் கிளாஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டார். நான் வரும்போது உங்கள் அண்ணன் மூச்சு முட்ட இருமிக்கொண்டிருந்தார். முகம் நீலம் பாரித்திருந்தது. ஆனால் தம்பி, எப்படிச் சொல்வேன், சிரித்துக்கொண்டும் இருந்தார். ப்ரீமோவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, "கையைக் காட்டிக் கேட்டான் எர்சீலியா. அவன் போட்ட ஒயின். அவனுக்கே இல்லேன்னு எந்த வாயால சொல்றது?" என்றார். உங்கள் அண்ணன் நிமோனியா வந்து பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

இப்போது வயிற்றில் குழாய் வைக்கவேண்டும் என்கிறார்கள். வைத்தால் வாய்க்கு ஒன்றும் கிடையாது, ஆனால் ஆள் இருப்பார். வைக்காமல் விட்டு இன்னொரு தடவை அப்படி இருமினால் தாங்கமாட்டாராம். டாக்டரம்மா அவரிடமே கேட்டார். அவரிடம் மிஞ்சியிருப்பது "ஆமாம்" என்கிற ஒரு சொல். குழாய் வைக்கலாமா என்றதற்கு ஆமாம் என்றார். வேண்டாமா என்றதற்கும் ஆமாம் என்றார். பிறகு அவருக்கே புரிந்து, தலையை ஆட்டி ஆட்டி, ஆமாம் ஆமாம் என்று அழுதார். "நீங்கதாம்மா முடிவு பண்ணணும்" என்று டாக்டரம்மா என் பக்கம் திரும்பிவிட்டார். புதன்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

நேற்று மத்தியானம் என் விரலை ஒயினில் நனைத்து அவர் உதட்டில் தடவினேன். கன்றுக்குட்டி மாதிரி விரலைக் கவ்விக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் நாக்கில் வருமே அந்தப் பாதாம் கசப்பு, அதற்காகக் காத்திருந்தாரோ என்னவோ, வெகுநேரம் விடவில்லை. நானும் இழுக்கவில்லை.

உங்களிடம் யோசனை கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதம் அங்கே வரவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் ஏதோ ஒன்றைச் செய்து முடித்திருப்பேன். எதைச் செய்திருந்தாலும், ஏன் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், தம்பி. எங்கள் இரண்டு பேருக்காகவும் மாதாவிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணி
எர்சீலியா