ஈரத்தில் அடைத்த பல்

அக்கா,

இன்று காலை தளவாய்புரத்துக்காரர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் அடைத்துக்கொண்டிருந்தேன். எச்சில் உறிஞ்சும் குழாய் ஒருமுறை செருமியது. என் கை தானாக நின்றது. உங்களுடைய "ஊறுது, டாக்டரம்மா" வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. இப்போது உதவிக்கு இருக்கும் பெண் மரியாதை தெரிந்தவள். டாக்டர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

பதினேழு வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் வந்தீர்கள். நான் பல்லைப் பார்ப்பேன். நீங்கள் எச்சிலைப் பார்ப்பீர்கள். அமிலக் களிம்பு வைத்துக் கழுவி உலர்த்திய பல், சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து நிற்கும். பசை இறங்க வேண்டிய நுண்துளைகள் திறந்திருக்கும் நேரம் அது. அப்போது எச்சில் பட்டால் ஒரு மெல்லிய படலம் அத்தனையையும் மூடிவிடும். அதன்மேல் அடைத்தாலும் பார்வைக்கு ஒட்டியதுபோலவே இருக்கும். பிறகு ஒருநாள் முறுக்கோடு சேர்ந்து வந்துவிடும்.

அரசியல் பேசக்கூடாது என்று கடைகளில் எழுதி வைக்கும் ஊரில், நம் கிளினிக்கில் மட்டும் மாம்பழம் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவர் நீங்கள். வெளிப் பெஞ்சில் யாராவது மாம்பழத்தைப் பற்றி ஆரம்பித்தால், உள்ளே வாயைத் திறந்து கிடப்பவருக்கு ஊற்றெடுக்கும்.

"ஐயா, செத்த நேரம் சும்மா இருங்க. உள்ள பல்லு அடைக்கோம்."

"நான் என்ன தின்னுக்கிட்டா இருக்கேன்?"

"நீங்க பேசுறதைக் கேட்டா தின்ன மாதிரியேல்ல இருக்கு."

ஒரு சனிக்கிழமை உங்கள் பல்லையே அடைக்க வேண்டி வந்தது. இடது பக்கம், கீழ்க் கடைவாய். எனக்கு உதவ அன்று நீங்கள் இல்லை, நாற்காலியில் படுத்திருந்தீர்கள். ஆகவே உறிஞ்சும் குழாயை நீங்களே உங்கள் வாயில் பிடித்துக்கொண்டீர்கள். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள்.

பல்லை உலர்த்தினேன். என் முழங்கையை இரண்டு முறை தட்டினீர்கள். ஈறோரம் பளபளத்த எச்சிலை நானும் பார்த்தேன். மறுபடி கழுவி, மறுபடி அமிலம் வைத்திருக்க வேண்டும். காற்றை மட்டும் ஊதிவிட்டுப் பசையைத் தடவினேன். காற்றில் போவது தண்ணீர்தான், படலம் போகாது என்று பிறருக்கு விளக்கும் அளவுக்குப் படித்தவள் நான்.

அடைப்பை இறுக வைக்கும் நீல விளக்கை அணைத்ததும் எழுந்து வாய் கொப்பளித்தீர்கள்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. அடுத்த ஆளைக் கூப்பிடட்டா?"

அதற்குப் பிறகு நாலு வருடம் அந்தப் பல்லைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில், மாரடைப்பில் போய்விட்டீர்கள்.

காரியத்தன்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகள் காப்பி கொடுத்தாள். பேச்சுவாக்கில்தான் சொன்னாள்.

"அம்மா இடது பக்கம் மெல்லவே மாட்டாங்க டாக்டர். நீங்க அடைச்சது ரெண்டே மாசத்துல விழுந்துட்டு. போயி சொல்லும்மான்னு எம்புட்டோ சொன்னேன். 'ஏட்டி, அவியளுக்கு அன்னைக்கே தெரியும்'னுட்டாங்க."

காப்பி நன்றாக இருந்தது. முழுவதும் குடித்தேன்.

நாலு வருடம் நாற்காலிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றீர்கள், இந்தப் பக்கம் நான். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொன்ன நான், உங்களை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் இந்த மடல் சுலபமாக முடிந்துவிடும். மறக்கவில்லை அக்கா. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பார்க்கவில்லை. நீங்கள் சொல்லாமல் இருந்தது என்மேல் கோபமா, இரக்கமா என்று கேட்கவும் இனி ஆளில்லை.

இப்போதெல்லாம் பல் துளி நனைந்தாலும் எல்லாவற்றையும் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அப்படித் திரும்பச் செய்ய எவ்வளவு நேரம் கூடுகிறதென்று ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டு நிமிடம்.