அலமாரியில் இல்லாத ஊசி மருந்து

மாதேஷ்,

ஜிம்மிலிருந்து வந்ததும் சாப்பிடு. குக்கரில் சோறு இருக்கிறது.

அலமாரியில் இருந்த அப்பாவின் ஊசி மருந்தை நீதான் எடுத்திருக்கிறாய். “அப்பா போட்டா வைத்தியம், நான் போட்டா மட்டும் தப்பாக்கா?” என்று நேற்று கேட்டாயே, அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா உடம்பில், தசையை வளர்க்கிற அந்த டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் சுரப்பதில்லை. டாக்டர் ரத்தத்தைச் சோதித்து, குறைகிற அளவுக்கு மட்டும் கொடுக்கிறார். உனக்குப் போதுமான அளவு சுரக்கிறது. அதற்கு மேலும் ஏற்றினால் உன் உடம்பு சுரப்பதை நிறுத்திவிடும். இதயமும் கெடும்.

இன்று அப்பாவுக்கு ஊசி நாள். மருந்தை நான்தான் கைதவறி உடைத்தேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வேறு வாங்க தர்மபுரி போகிறேன்.

அக்கா

முட்டை நாலு அவித்திருக்கிறேன், உனக்குத்தான்.

புது மருந்தை ஒளித்து வைக்க நம் வீட்டில் வேறு இடமில்லை. அதே அலமாரியில்தான் வைப்பேன்.