கிக்டவுன் வயரும் என் வலது காலும்

ஜூலை 8, ஞாயிறு

கச்சான் காற்று. கூரைத் தகரம் விடாமல் அடித்துக்கொள்கிறது. நல்லது, நான் எழுதும் சத்தம் கேட்காது.

சாயந்தரம் சமையல் நடக்கும் குசினிக்குப் பின்னால் நின்று கேட்டது:

அம்மா: "ஆடி பொறக்கறதுக்குள்ள அண்ணன் வீட்டுக்குப் போயி பேசி முடிச்சிரணும். செல்வத்துக்குக் கட்டிக் குடுத்தா புள்ள நம்ம சொந்தத்துக்குள்ளயே இருக்கும்."

அப்பா: "கார் ரெடியாகட்டும். பஸ்ஸுல போயி உங்க அண்ணன் வாசல்ல எறங்க மாட்டேன்."

புள்ள என்பது நான். செல்வம் என்பது மொனராகலை மாமாவின் மகன், அரிசிக் கடை. டிசம்பரில் எனக்கு க.பொ.த. சோதனை, பள்ளிக்கூடத்தின் பெரிய பரீட்சை. அதைப் பற்றி இருவரிடமும் ஒரு வார்த்தை இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வந்தால் அம்மாவின் அகப்பையும் வரும்.

பொங்கலுக்கு மாமா அப்பாவிடம் சொன்னது: "ஊரான் காரையெல்லாம் ஓட வைக்கிறீங்க மச்சான், நீங்க மட்டும் பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வர்றீங்களே." அன்று அப்பா இரண்டாம் முறை பொங்கல் வாங்கவில்லை. அப்பாவுக்கு அது பெரிய கோபம்.

ஆகவே: கார் ஓடினால் வரும் ஞாயிறு மொனராகலை. ஓடாவிட்டால் ஆடி. ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். பிள்ளையாரே, கார் ஓடக் கூடாது.

ஜூலை 9, திங்கள்

காற்று. வரலாறு வீட்டுப்பாடம் பாக்கி.

எதிரியைப் பற்றி எழுதி வைக்கிறேன். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை இங்கிலாந்து போகும்போது விட்டுப்போன பழைய கார். அப்பா தன் ரிப்பேர் கராஜுக்கு இழுத்து வந்தபோது இன்ஜின் கிடையாது. இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி. இப்போது அதில் கொழும்பில் நசுங்கிப்போன வேறொரு பெரிய காரின் இன்ஜின், அதனுடைய ஓட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கிளட்ச் எங்கே என்று கேட்பவர்களை அப்பா பரிதாபமாகப் பார்க்கிறார்.

பாக்கி ஒரே வேலை. எக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கம்பி கார்புரேட்டரைத் திறக்கும். அங்கிருந்து இன்னொரு வயர் கியர்பாக்ஸுக்கு. அடிவரைக்கும் மிதித்தால் அந்த வயர் முழுக்க இழுபட்டு, கியர் தானாகவே கீழே இறங்கி, மேட்டில் இழுவை கொடுக்கும். அதுதான் கிக்டவுன் வயர். சரியான வயர் கிடைக்கவில்லை. பதுளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் தாவூத் நானா மோட்டார் சைக்கிள் கிளட்ச் வயர் ஒன்று கொடுத்திருக்கிறார்.

தொய்வாக இருந்தால் கார் மேட்டில் பெருமூச்சு விடும். இறுகிப்போனால் கத்தும். அடிவரைக்கும் மிதித்து வைத்துக்கொண்டு அளவெடுக்க வேண்டுமாம்.

ஜூலை 10, செவ்வாய்

எழுத்து கோணல்.

அளவெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் பானட்டுக்குள் தலையை விட. முதலில் அம்மா.

"மிதி."

"மிதிச்சிட்டேங்க."

"அது பிரேக்கு."

"ரெண்டும் ஒண்ணு போலதானே இருக்கு!"

"விடு தாயி. நீ போயி சோத்தப் பாரு. ஏய் புள்ள, நீ வா."

ஏறி உட்கார்ந்தேன். காலடியில் தடித்த தென்னந்தும்பு விரிப்பு, அப்பாவே வெட்டிப் போட்டது.

"மிதி! இன்னும்! தரை தொட்டிச்சா?"

முக்கால்வாசிதான் போயிருந்தது. கீழே இரண்டு விரல் இடைவெளி. "தொட்டிச்சுப்பா."

நான் சொல்லவில்லை. வாய்தான் சொன்னது.

அப்பா வயரை அந்த இடத்திலேயே இழுத்துப் பூட்டிவிட்டார். "ஆடாம புடி. என்னா, குளிருதா?"

அளவு தப்பு. கார் ஓடாது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். பொய்க்காக இன்னொன்று.

ஜூலை 11, புதன்

கார் ஓடுகிறது. புலி மாதிரி ஓடுகிறது.

ஸ்பிரிங்வெளி மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். தாவூத் நானா முன்சீட், நான் பின்சீட். முக்கால் மிதியிலேயே வயர் முழுக்க இழுபட்டுவிடுகிறது, கியர் உடனே இறங்கிவிடுகிறது, கார் அலறிக்கொண்டு மேலே பாய்கிறது. கொழுந்தெடுத்துவிட்டு வந்த அக்காமார் கூடையோடு ஓரம் ஒதுங்கினார்கள். ஒரு மாடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது.

நானா: "தம்பி, இது காரா, கல்யாண வீட்டு பேண்டா?"

"இழுவையப் பாருங்க நானா, இழுவைய!"

"இழுக்குது, இழுக்குது. என்ட உசிரையும் சேத்து இழுக்குது."

கெடுக்கப் போய், மேட்டுக்கு ஏற்ற மாதிரி செய்து வைத்திருக்கிறேன். இரண்டு தேங்காயும் வாபஸ்.

வயர் முட்டி நிற்கும் இடத்தைத்தான் அப்பாவின் கால் தரை என்று நினைக்கிறது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு விரல் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். யாராவது அழுத்தி மிதித்தால்?

ஜூலை 13, வெள்ளி

விஞ்ஞானம் 71. யாரும் கேட்கவில்லை.

கக்கத்தில் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வருமாம். வகுப்பில் சொன்னார்கள். வைத்தேன். காய்ச்சல் வரவில்லை, நாற்றம் வந்தது. அம்மா: "என்னாடி, கறிச்சட்டி மாதிரி மணக்குற? போயி குளி."

பச்சைத் தண்ணீரில் குளியல். அதற்கும் காய்ச்சல் வரவில்லை.

ஜூலை 15, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

விடியவே புறப்பட்டோம். தட்டில் வெற்றிலை, பழம், கற்கண்டு. அம்மா கூறைப்புடவை. எனக்கும் ஒரு புடவை சுற்றி, ஊசி ஊசியாகக் குத்தி வைத்திருந்தார். பசறை தாண்டி ஒரே இறக்கம். மொனராகலையில் வெயில் கொளுத்தியது.

மாமா காரைச் சுற்றி வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா என்னா இந்தக் கத்து கத்துது? சந்தியில வரும்போதே கேட்டிச்சு."

அவ்வளவுதான். "தட்ட அப்படியே வைங்க, அஞ்சு நிமிசம்." அப்பா பானட்டைத் திறந்துவிட்டார். அத்தை காப்பியோடு நின்றபடி.

"புள்ள, ஏறி மிதி."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு பாக்க வச்சிட்டு எக்ஸிலேட்டர் மிதிக்க விடுவாங்களா?"

"அப்ப மாப்பிள்ளையக் கூப்புடு."

செல்வம் அத்தான் வந்தார். அரிசி மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மெதுவா என்று கத்த வேண்டும். பேச வந்த வீட்டில் பெண் கத்தலாமா?

"அடிவரைக்கும் மிதிங்க தம்பி!"

மிதித்தார். நேர்மையாக, தரை தொட.

டொப்.

வயர் அறுந்து அப்பாவின் மூக்கை உரசிக்கொண்டு போனது.

"என்னா மிதி இது, மாடு மாதிரி!"

"நீங்கதானே மாமா அடிவரைக்கும்னீங்க."

"அடின்னா ஒரு அளவு இல்லையா?"

மாமா படியிலிருந்து இறங்கி வந்தார். "என் மவனையா மாடுன்னீங்க?"

"கால சொன்னேன் மச்சான்."

"கால் யாரோடது?"

அப்பா பானட்டை மூடினார். காப்பி ஆறிப்போனது. தட்டு திரும்பக் காருக்குள். "ஆடி கழியட்டும், பாப்போம்" என்றார் மாமா, எங்களைப் பார்க்காமல். அத்தை மட்டும் ஒரு சீப்புப் பழத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

வரும்போது ஏற்றம். வயர் இல்லாமல் அழுத்தி மிதித்தால் கியர்பாக்ஸ் கருகிவிடும் என்று அப்பா ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். பசறை மேட்டில் நின்றே விட்டது. அம்மா கூறைப்புடவையோடு இறங்கித் தள்ளினார். "எங்கண்ணன் வாசல்ல என் மானத்த வாங்கினது போதாதுன்னு, தள்ளவும் வைக்கிறீங்களே!"

நானும் தள்ளினேன். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம். பிறகு செல்வம் அத்தானை நினைத்தேன், சிரிப்பு போய்விட்டது. பாவம், சொன்னதைத்தானே செய்தார்.

ஜூலை 17, செவ்வாய்

ஆடி முதல் நாள். கோவிலில் கூழ்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால், தும்பு விரிப்பு கராஜ் வாசலில் கிடக்கிறது. அப்பா முன்சீட்டுக்குக் கீழே குனிந்திருந்தார். அறுந்த வயரின் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து அளந்து, எக்ஸிலேட்டரை அந்த அளவுக்குக் கையால் அமுக்கி, அடியில் மிஞ்சிய இடத்துக்குள் விரலை விட்டார். இரண்டு விரல். எடுத்தார். மறுபடி விட்டுப் பார்த்தார்.

"புள்ள, இங்க வா."

கால் போனது. உயிர் வாசலிலேயே நின்றுவிட்டது.

"அன்னைக்குத் தரை தொட்டிச்சுன்னியே."

வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அவ்வளவு வேகமாகத் திறந்த வாய்.

அப்பா விரலைத் துணியில் துடைத்தார். கிரீஸ் போகவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சோதனை எப்ப?"

"டிசம்பர்லப்பா."

குசினியிலிருந்து அம்மா: "ஏங்க, கார் சரியாயிடுச்சா?"

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே, சத்தமாக: "பெரிய ரிப்பேரு. டிசம்பர் ஆகும்."