மில் ஓடிய வீடு

கோலா சாவா,
6.3.2022

அன்புள்ள உங்களுக்கு,

குமுதா எழுதுகிறேன். நானும் ரதியும் இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த முறை சொல்வதற்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வீட்டுக்கு மாவு மில் வந்துவிட்டது. திலகம் அக்காவும் மகேந்திரன் மாமாவும் கெமாஸிலிருந்து காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். தோட்டத்து நாற்று மேட்டு வேலையை வெளிநாட்டு ஆட்களுக்குக் கொடுத்த பிறகு நான் சும்மா உட்கார்ந்திருப்பதை அக்காவால் பார்க்க முடியவில்லை. "கடை பாக்கெட் தூளு யாருக்குடி பிடிக்குது? நீ வறுத்து அரைச்சுக் குடு, தேடி வருவாங்க" என்றாள்.

கரண்டில் ஓடுவது, இடுப்பு உயரம்தான். மேலே கொட்டினால் கீழே கட்டியிருக்கும் துணிப்பையில் மாவு இறங்கும். இடியாப்ப மாவுக்கு ஒரு சல்லடை, மல்லிக்கு ஒரு சல்லடை. முதலில் பச்சரிசி போட்டோம். ரதி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா, லோரி வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்குலா" என்றாள். சொல்லிவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். உங்கள் லோரி ஞாபகம் வந்திருக்கும்.

கடைசியாக மிளகாய் அரைத்தோம். மூன்று பேரும் தும்மிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். மாமா மட்டும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்று முடித்தார். ரதிக்குக் கொஞ்சம் இருமல். மழையினால்தான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
குமுதவல்லி


சிறையிலிருந்து,
29.3.2022

அன்பு குமுதா,

கடிதம் கிடைத்தது. இரண்டு வருஷத்தில் உன் கையெழுத்து சந்தோஷமாக இருந்தது இந்த ஒரு கடிதத்தில்தான். இங்கே கொடுக்கும் குழம்புக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு மூக்கு அரித்தது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரிடம் சொன்னேன், சிரித்தார்.

அந்த லயன் வரிசை வீட்டு வயர் பழசு. அடுத்த லயனில் இருக்கும் தங்கராஜு அண்ணனைக் கூப்பிட்டு மில்லுக்குத் தனி லைன் இழுக்கச் சொல். சூடாக இறங்கும் தூளை உடனே கட்டிவைக்காதே, ஆறவிடு. எங்கள் அம்மா அப்படித்தான் செய்வார்கள்.

ரந்தாவ் கடைவாசலில் அன்று நான் கையை ஓங்காமல் இருந்திருந்தால் அந்த மனிதனும் உயிரோடு இருந்திருப்பான், நீயும் இந்தச் சத்தத்தில் நிற்க வேண்டியிருக்காது. இன்னும் நான்கு வருஷம்.

ரதியை இங்கே அழைத்து வர வேண்டாம் என்று நான் சொன்னது சொன்னதுதான். கம்பிக்குப் பின்னால் அவள் என்னைப் பார்க்கக் கூடாது. வந்த பிறகு பார்த்துக்கொள்வோம். இருமலுக்குக் கிளினிக் போனாயா?

சத்தியசீலன்


கோலா சாவா,
12.9.2022

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும்போதே ரந்தாவிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். முறுக்கு மாவு, கறித்தூள், மிளகாய்த்தூள். அமிர்தலிங்கமும் தன் மளிகைக் கடையில் என் தூளை வைக்கக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் கையைக் கழுவினாலும் எரிச்சல் போவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படாமல் படியுங்கள்.

போன மாதம் ரதி பள்ளியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவள் மூச்சை இழுக்க ஆரம்பித்துவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. தங்கராஜு அண்ணன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மூன்று முறை கேஸ் கொடுத்தார்கள். ஆஸ்துமா என்றார் டாக்டர். "வீட்டுல என்ன செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "அந்த நெடி இந்தப் பிள்ளைக்கு ஆகாதும்மா" என்றார்.

மில்லைப் பின்னால் கோழிக்கூட்டுக்கு மாற்றினேன். பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத் தூள் போகிறது என்று சண்டை வந்தது. தோட்டத்து ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து, வெளியில் மெஷின் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்ப அடுப்படிக்கே வந்துவிட்டது.

பள்ளி விடுமுறைக்கு அக்கா ரதியைக் கெமாஸுக்கு அழைத்துப் போனாள். ஒரு வாரம் ஒரு இருமல் இல்லை. தீபாவளி வேலை முடியும்வரை அங்கேயே பள்ளிக்குப் போகட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். இரண்டு மாதம்தான்.

உங்கள்
குமுதவல்லி


சிறையிலிருந்து,
4.10.2022

குமுதா,

மில்லை நிறுத்து.

பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு நீ பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு மில்லை வீட்டுக்குள் வைத்திருக்கிறாய். இதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? உன் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகப் பிள்ளை இல்லை. அந்த மில்லை அவள் எதற்கு வாங்கிக் கொடுத்தாள் என்று இப்போது யோசிக்கிறேன்.

ரதியைக் கூட்டிக்கொண்டு வா. வந்துவிட்டாள் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சத்தியசீலன்


கோலா சாவா,
20.11.2022

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. அவளைப் பற்றி அப்படி எழுதியிருக்க வேண்டாம். என்னைப் பற்றி எழுதியதை நான் வைத்துக்கொள்கிறேன்.

நிறுத்திப் பார்க்காமல் இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் சாக்கைப் போட்டு மில்லை மூடிவிட்டு ரந்தாவ் சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவப் போனேன். காலை ஆறு மணிக்குப் போனால் இரவு வருவேன். அப்படியென்றால் ரதியை யார் பார்ப்பது? பத்து நாள் போய்விட்டுத் திரும்ப மில்லையே ஓட்டினேன். நான் செய்தது சரியென்று சொல்லவில்லை. எனக்கு வேறு தெரியவில்லை.

தீபாவளிக்கு அவளைக் கூட்டிவந்தேன், அக்காவும் மாமாவும் கூட வந்தார்கள். அதற்கு முன்னால் நான்கு நாள் வீட்டைக் கழுவினேன். திரைச்சீலை, தலையணை உறை, பாய், எல்லாம். மில்லைத் தங்கராஜு அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். ஏணி போட்டு மேல்பலகையைக்கூடத் துடைத்தேன். துணி சிவப்பாக வந்தது. ஆறு முறை அலசியும் சிவப்பாகவே வந்தது.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். சாமி கும்பிட்டாள். ஒரு மணி நேரம் நன்றாக இருந்தாள். தோசையைப் பிட்டு வாயில் வைத்தவள், "அம்மா, நெஞ்சு பிடிக்குது" என்றாள். பலகை இடுக்கில் இருந்திருக்கிறது, சுவரில் இருந்திருக்கிறது. எனக்கு எதுவும் தெரியவில்லை, மூக்கு பழகிவிட்டது. மாமா காரை எடுத்தார். தீபாவளி மத்தியானம் முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தோம். அங்கிருந்து நேராகக் கெமாஸுக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

ரதி வரவில்லை. நீங்கள் எழுதச் சொன்னதை எழுத முடியவில்லை.

குமுதவல்லி


சிறையிலிருந்து,
9.2.2023

அன்பு குமுதா,

மூன்று மாதமாக எழுதக் கூச்சமாக இருந்தது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே நிற்பவளைத் திட்டினேன். அக்காவிடமும் ஒரு நாள் நேரில் மன்னிப்புக் கேட்பேன்.

ஒரு யோசனை. நான் வந்ததும் தோட்டத்தை விட்டுவிடுவோம். ரஹாங்கில் ஒரு வீடு பார்ப்போம். அந்த வீட்டில் ஒரு மிளகாய்கூட வறுக்க வேண்டாம். அதுவரை பொறுத்துக்கொள்.

ரதியை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை.

சத்தியசீலன்


ரஹாங்,
18.11.2023

அன்புள்ள உங்களுக்கு,

மேலே இருக்கும் ஊரைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். நீங்கள் வரும்வரை காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. ஆகஸ்டில் மில்லை அமிர்தலிங்கத்துக்கு விற்றுவிட்டேன். லயன் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே ஒரு அறை எடுத்திருக்கிறேன். துணி வெளுக்கும் கடையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறேன். இரண்டு மணிக்கு முடிந்துவிடும், பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். அறையில் பழைய வீட்டுச் சாமான் ஒன்றுகூட இல்லை. என் புடவைகளையும் கொடுத்துவிட்டேன். ரதிக்கு மேசை, விளக்கு, ஜன்னல் பக்கமாகக் கட்டில்.

மூன்று மாதம் பொறுத்திருந்து, போன சனிக்கிழமை அவளை அழைத்துவரக் கெமாஸுக்குப் போனேன்.

மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள். "அம்மா மில்ல வித்துட்டேன்மா. நமக்கு வேற வீடு. வா, போலாம்" என்று கிட்டே போனேன். அவள் நாற்காலியோடு பின்னால் தள்ளிப் போய்க் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

என்மேல் எந்த வாசமும் இல்லை. சோப்பு வாசம்தான். நான் கையை நீட்டி, "மோந்து பாரு" என்றேன். அவள் பொத்திய கையை எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "நான் இங்கயே இருக்கேன்மா. நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை வாங்கலா" என்றாள். பிறகு அடுப்படியைத் திரும்பிப் பார்த்து, "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் முன்னால்தான் நின்றேன். அக்கா வந்தாள்.

அக்காவும் அழுதாள். "நா சொல்லிக் குடுக்கலடி, சத்தியமா சொல்லிக் குடுக்கல" என்றாள். எனக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நீங்கள் கேட்ட இரண்டு வரியை ஒவ்வொரு முறையும் அவளிடம் கேட்கிறேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்கிறாள்.

குமுதவல்லி


ரஹாங்,
21.4.2024

அன்புள்ள உங்களுக்கு,

நவம்பரில் எழுதியதற்கும் பொங்கலுக்கு எழுதியதற்கும் பதில் வரவில்லை. வாசித்தீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மார்ச்சில் ரதிக்குத் திரும்ப மூச்சு முட்டியது. எங்கோ குப்பை எரித்த புகை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அம்மா அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, நான் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மூன்று மணி நேரம். பிள்ளையைப் பார்த்தார்கள்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்துக்கான ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா நின்ற நிலையை நான் பார்த்தேன். "ரெண்டு வருஷமா வளக்குறேன், ஒரு கையெழுத்துப் போட முடியல" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன். சட்டப்படி தத்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று நான்தான் மாமாவிடம் கேட்டேன். கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய சம்மதத் தாள் இதோடு இருக்கிறது. நான் என் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் போட வேண்டாம் என்றால் போட வேண்டாம். நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

ரதியிடம் கேட்டேன். "அப்பா கோவிச்சுக்குவாரா?" என்று கேட்டாள். "உனக்கு அப்பா முகம் ஞாபகம் இருக்கா?" என்றேன். போட்டோவில் இருப்பது ஞாபகம் இருக்கிறது என்றாள்.

குமுதவல்லி


சிறையிலிருந்து,
30.5.2024

அன்பு குமுதா,

எல்லாக் கடிதமும் கிடைத்தது. பதில் எழுதக் கொடுத்த தாளை ஒவ்வொரு முறையும் வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கிருக்கும் அதிகாரி முன்னால் போட வேண்டியிருந்தது. பிள்ளைக்கு நீ என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா என்பதை மலாய் மொழியில் எழுத வேண்டும். 'பாபா' என்றும் 'பாப்பா' என்றும் மாற்றி மாற்றி எழுதித் தடுமாறினேன், கடைசியில் அதிகாரியே சொல்லிக் கொடுத்தார்.

அவளை இங்கே அழைத்து வராதே என்று சொன்னவன் நான். நீ மில்லை விற்றாய், வீட்டை விட்டாய், புடவையைக்கூடக் கொடுத்தாய். நான் என் வறட்டுக் கௌரவத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தப்பை நீ உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே.

வெளியே வரும்போது ரஹாங்குக்கு வரமாட்டேன். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவளைக் கேட்பேன், என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீ அவளுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாய். அது இரண்டு பேருக்கும் வேண்டாம். இனி நீ எனக்கு எழுத வேண்டியதில்லை. சனிக்கிழமைகளில் கெமாஸுக்குப் போவதை மட்டும் விடாதே.

ரதியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அக்காவிடம் கொடு. முட்டையில் மஞ்சள் கரு சாப்பிடமாட்டாள். செருப்பை எப்போதும் கால் மாற்றிப் போடுவாள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், வெளியே இழுக்கக் கூடாது, பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டால் தானாக வருவாள். காய்ச்சல் வந்தால் இடது காதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள்.

இதெல்லாம் அவளுக்கு ஐந்து வயது வரைக்கும். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

சத்தியசீலன்