சுவரொட்டியில் என் பெயர்

பிப்ரவரி 8, சனி

திருநள்ளாறு போய் வந்தேன். கூட்டம், வெயில், தலைவலி. வழியில் இளையபெருமாள் போன் செய்தான். "என்னடா செம்பியா, இந்த வாரமாவது சனி உன்ன விட்டாரா?" போடா நாயே என்றேன். ஒரே பெஞ்சில் படித்த காலத்திலிருந்து இதே கிண்டல்.

அவன் புதிதாக எழுதியதை என் மனைவி வினிதா காட்டினாள். காய்ச்சல் குழந்தைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ஒரு சாமியார் விபூதி கொடுத்து அனுப்பினாராம், குழந்தை போய்விட்டது. எழுத வேண்டியதுதான். ஆனால் கடைசியில் சாமியே பொய் என்று முடித்திருக்கிறான். அது எதற்கு?

பிப்ரவரி 11

இளையபெருமாள வெட்டிட்டானுங்க. நெடுங்காட்டில், அவன் வீட்டு வாசலிலேயே. பைக்கில் வந்த ரெண்டு பேர். சாமியப் பத்தி எழுதுவியா எழுதுவியான்னு கேட்டுக்கிட்டே — அவன் அம்மா பாக்க — எழுத முடியல.

பிப்ரவரி 12

எரித்துவிட்டு வந்தோம்.

பிப்ரவரி 13

ஆபீஸ் போனேன். ஏன் போனேன்? பக்கத்து சீட்டுக்காரர், "பாவந்தான். ஆனா அவரும் கொஞ்சம் வாய அடக்கியிருக்கலாம்ல" என்றார். அறையலாம் போல இருந்தது. இதையேதான் நானும் அவனிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அப்போ நான் யார் பக்கம்?

சாமி விளக்கு முன்னால் நின்றேன். அவனுக்காக வேண்டினால் அவனே சிரிப்பான். வேண்டாமலும் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 14

அவன் அம்மா காசியம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "ஊரு பூரா எம்புள்ள போட்டோவ ஒட்டணும்ப்பா. கூடப் பழகுனவங்க பேரெல்லாம் கீழ போடு. நாதியத்துப் போவலன்னு தெரியட்டும்."

அருள்ராஜ் அச்சகத்துக்குப் போனேன். "இறைவனடி சேர்ந்தார்னு போட்டுரவா?" என்றார். யாருக்கு, அவனுக்கா? "அப்ப இயற்கை எய்தினார்?" அரிவாளா இயற்கை? "கொலை செய்யப்பட்டார்னு போடுங்க" என்றேன். "போடுறேன். கீழ யாரு பேரு?"

கூட்டாளிகளுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். "பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம்டா, என்ன விட்டுரு" என்றான் ஒருவன். இன்னொருவன் எடுக்கவே இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அருள்ராஜிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

வினிதா அழுகிறாள். "வெட்டுனவனுங்க இன்னும் வெளியதான் சுத்துறானுங்க. பேரு போட்டா நாளைக்கு நம்ம வாசலுக்கு வருவானுங்க. அவரு எழுதுனத நீங்களே ஒத்துக்கல, அப்பறம் எதுக்குங்க?"

அதானே? எழுத்துக்கா பெயர் போடப்போகிறேன்? அவனுக்குத்தானே? இரண்டும் வேறு வேறா? மண்டை வெடிக்கிறது. இன்று திருநள்ளாறு போகவில்லை. அதுவும் ஏனென்று தெரியவில்லை.

பிப்ரவரி 16

அருள்ராஜுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 18

கோட்டுச்சேரி, அம்பகரத்தூர் பஸ் நிறுத்தம் எல்லாம் ஒட்டியாயிற்று. ஒன்றைச் சுருட்டிக் காசியம்மாவிடம் கொண்டுபோனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. தரையில் விரித்து மகன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"உன் பேரு எங்கப்பா இருக்கு?"

கீழே ஒரே சொல்தான் — 'நண்பர்கள்'. அதன் மேல் விரலை வைத்தேன்.

"இதாம்மா."

அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.