அரைக் குளிசை

2025 செப்டெம்பர் 13, சனிக்கிழமை
முற்பகல் 6.10
உருத்திரபுரம், கிளிநொச்சி

இலக்கம்: மு/2025/09
விடயம்: உமது தந்தையாரின் சுகவீனமும் உமது தாயார் மீது விழுந்த பழியும்

அன்பின் தம்பி சஜீவன் அறிவது,

விடுமுறை முடிந்து 15ஆம் திகதி டோகா திரும்பும் நிரோஜன் வசம் இக்கடிதத்தை அனுப்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீர் கேட்பீர். இரு தடவை எடுத்தேன். இரு தடவையும் நீர், “ஐயா, நீங்கள் பக்கத்தில நிக்கிறதாலதான் நான் இஞ்ச நிம்மதியா வேலை செய்யிறன்” என்று தொடங்கினீர். சுகம் மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

முதலில் தந்தையாரின் நிலை. நேற்று மாலை வரை நான்கு முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்துள்ளார்கள். கால் வீக்கம் வற்றியிருக்கிறது. இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுவதாக என்னிடம் முறைப்பாடும் செய்தார். சிறுநீரகங்கள் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதை வைத்தியர்கள் இன்னும் சொல்லவில்லை. சொன்னதாக எவர் எழுதினாலும் நம்ப வேண்டாம்.

இனி விடயத்துக்கு வருகிறேன். இம்மாதம் 3ஆம் திகதி நீர் உமது தாயாரிடம், “உங்கட கைமருந்தாலதான் அப்பா இப்பிடிக் கிடக்கிறார்” என்று சொன்னதாகவும், அதன் பின் அவவுடன் கதைப்பதில்லை என்றும் அறிந்தேன். அவ கொடுத்தது கொத்தமல்லி அவித்த தண்ணீர் மாத்திரமே. தந்தையாரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என் கையால் சென்ற மருந்து.

எனக்கும் அவருக்கும் ஒரே வருத்தம், சிறுநீர்ப்பையின் கீழுள்ள சுரப்பியில் புற்றுநோய், என்பது நீர் அறிந்ததே. ஜூன் 3ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரு புதிய குளிசைக்கான மருந்துப் பரிசோதனையில் சேர்வதற்கு இருவரும் போனோம். சேர்பவர்களில் பாதிப்பேருக்கு உண்மை மருந்து, மற்றவர்களுக்கு அதே உருவில் வெறும் மாக்குளிசை. எவருக்கு எது என்பது கொடுக்கும் வைத்தியருக்கும் தெரியாது. என்னை எடுத்தார்கள். தந்தையாரின் சிறுநீரகங்கள் ஏற்கெனவே பலவீனம் என்று அவரை மறுத்துவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்சில் அவர், “வருத்தம் இருக்குதாம் ஐயா, ஆனா அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி இல்லையாம்” என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில் நாம் என்ன செய்வோம்? நீர் எட்டும் காணியை மாத்திரம் விதைத்து, அதை எல்லாக் குடும்பங்களுக்கும் பங்கு பிரிப்போம். கமக்காரர் அமைப்பின் செயலாளராக, தண்ணீர் திறக்கும் மடையில் காவலும் போட்டு, அந்தப் பங்கைப் பல வருடம் பிரித்தவன் நான். ஒரு தடவையும் பிழை வந்ததில்லை என்ற தலைக்கனமும் எனக்கு உண்டு. அந்தக் கணக்கையே இதிலும் போட்டேன். ஜூன் 20ஆம் திகதி தொடக்கம் ஒவ்வொரு குளிசையையும் பாக்குவெட்டியால் இரண்டாக்கி, பாதியைத் தந்தையாருக்குக் கொடுத்தேன். “இதுக்கும் மடைக்காவல் போடுவீங்களோ, ஐயா?” என்று கேட்டபடிதான் அவர் வாங்கினார். அவராகக் கேட்கவில்லை. இதை நீர் குறித்துக்கொள்ள வேண்டும்.

குளிசையை வேறு எவருக்கும் கொடுக்கக் கூடாது என்று சம்மதப் பத்திரத்தில் இருந்தது. அப்பத்திரத்தின் தமிழ்ப் பிரதியில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்த பின்னரே நான் கையொப்பமிட்டேன். ஆகவே வாசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

செப்டெம்பர் 2ஆம் திகதி மாலை அவரைக் கிளிநொச்சியில் வாட்டில் சேர்த்தோம். இளம் பெண் வைத்தியர் ஒருவர், “வேற மருந்து ஏதும் எடுத்தவரோ?” என்று கேட்டார். பதிலுக்கு உமது தாயார் என் முகத்தைப் பார்த்தா. நான், “ஒன்றும் இல்லை, டொக்டர்” என்றேன்.

தம்பி, என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தது உண்மை. அதைவிட வெட்கமானதும் ஒன்று உண்டு. சொன்னால் என்னைப் பரிசோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள், எனக்குக் கிடைக்கும் பாதியும் நின்றுவிடும் என்று நினைத்தேன். அவர் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தபோது நினைத்தது இது.

5ஆம் திகதி காலை வாட்டுக்குப் போனேன். உமது தாயார் சேலைத் தலைப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தா. தவறாமல் இருப்பதற்காக ஒவ்வொரு நாள் பாதியையும் தனித்தனியே மடித்து, மேலே திகதியிட்டு, இரண்டு கிழமைக்கு உரியதை ஒன்றாகக் கொடுப்பது என் வழக்கம். 3ஆம் திகதிப் பொட்டலத்தையும் 4ஆம் திகதிப் பொட்டலத்தையும் அவ வாட்டில் வைத்தே கொடுத்து முடித்திருந்தா. ஏன் என்று கேட்டேன். “நீங்கதானே ஐயா டொக்டரிட்ட ஒண்டும் இல்லை எண்டு சொன்னீங்க. அப்ப இது குடுக்கக்கூடிய சாமான்தான் எண்டு நினைச்சன்” என்றா.

அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நேரே வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “இதை அண்டைக்கே சொல்லியிருந்தால், ஐயா...” என்று தொடங்கிய அவர் வசனத்தை முடிக்கவில்லை. அன்றே யாழ்ப்பாணத்தில் மூடி வைத்திருந்த விபரத்தைத் திறந்து பார்த்து, எனக்குத் தந்தது உண்மை மருந்தே என்று அறிவித்தார்கள். என்னை நீக்கிவிட்டார்கள். அது நியாயம். நான் பாதி விழுங்கிவிட்டு முழுது என்று சொன்னதால், எனக்குப் பின் அம்மருந்தை எடுக்கப் போகிறவர்களின் கணக்கிலும் பிழை புகுந்திருக்கும் என்று ஆய்வுக்குழு வைத்தியர் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

தந்தையாரிடமும் சொன்னேன். அவர், “பொடியனுக்கு எழுதாதீங்க ஐயா, அவன் உங்களை மதிச்சு வச்சிருக்கிறான்” என்றார். உமது தாயாரும் அதையே சொன்னா. என்னைக் காப்பாற்ற, பெற்ற பிள்ளையின் ஏச்சை வாங்கிக்கொண்டு இருக்கிறா. இரவில் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பதாக வாட்டுத் தாதி சொன்னா.

என்னை மன்னிக்கும்படி இக்கடிதத்தில் எங்கும் நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. அவவை ஒரு தடவை “அம்மா” என்று அழையும். உம்மிடம் கேட்பது அவ்வளவே.

கடிதத்தின் முடிவில் உமக்கு ஆசி எழுதுவது என் வழமை. இம்முறை எழுதக் கை வரவில்லை. அதையும் அவவிடமே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இங்ஙனம்,
க. முத்துலிங்கம்

இணைப்பு:
1. செப்டெம்பர் 5ஆம் திகதி வைத்தியரிடம் நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி.
2. வாட்டின் தொலைபேசி இலக்கமும் நோயாளரைப் பார்க்கும் நேரங்களும்.
3. என்மீது முறைப்பாடு செய்ய நீர் விரும்பினால் சமர்ப்பிப்பதற்கு, நான் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம்.
4. பதில் எழுதுவதற்கு ஓர் உறை. நீர் இருக்கும் நாட்டு முத்திரை இங்கே கிடைக்காதபடியால் ஒட்டவில்லை. மேலே உமது தாயாரின் விலாசத்தை எழுதியிருக்கிறேன்.